ரத்தம் குறைந்தால் மட்டும் போதுமா?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீடு. நம் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுதான். மருந்துகளும் கதிர்வீச்சும் எவ்வளவோ முன்னேறிவிட்ட பிறகும், இவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவை தேவைப்படுகிறது. அந்த அறுவையை எந்தக் கருவியால் செய்வது என்பது மருத்துவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால், அரசு மருத்துவமனைக்குக் கருவி வாங்கும்போதும் காப்பீட்டுத் திட்டம் கட்டணம் நிர்ணயிக்கும்போதும் அது பொதுப்பணம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. சாதாரணக் கத்தி, மின்சாரத்தால் அறுக்கும் காட்டரி, ரத்தக்குழாயை அழுத்தி ஒட்டிவிடும் கருவி, அதிர்வால் அறுக்கும் ஹார்மோனிக் என்று தெரிவுகள் விரிய விரிய விலையும் ஏறுகிறது. விலை உயர்ந்த கருவிகளுக்காக முன்வைக்கப்படும் முதல் வாதம், ரத்த இழப்பு குறையும் என்பது. அது பொய்யல்ல. ஆனால், மார்பக அறுவையில் ஒரு கருவியின் மதிப்பை ரத்தத்தின் மில்லிலிட்டர் கணக்கால் மட்டும் அளந்தால், நோயாளிக்கு உண்மையில் தேவையானவை நம் கண்ணில் படாமல் போய்விடும்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். மார்பகத்தை முழுமையாக அகற்றும்போது, தோலையும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய கொழுப்பையும் ஒரு மடலாக உயர்த்திவிட்டு, மார்பகத் திசுவை நெஞ்சுத் தசையின் மேலிருந்து உரித்தெடுக்கிறார்கள். அப்போது மடலின் அடிப்பரப்பு முழுவதும் நுண்குழாய்கள் கசியும். ஒவ்வொன்றிலும் வருவது சில சொட்டுகள்தான் என்றாலும், பரப்பு பெரிது என்பதால் மொத்தத்தில் கணிசமாகச் சேர்ந்துவிடும். வேகமாக ரத்தம் பாயக்கூடிய இடம் மார்பெலும்பின் ஓரம். அங்கே இரண்டாவது, மூன்றாவது விலா இடைவெளிகளில் தமனிக் கிளைகள் தசையைத் துளைத்துக்கொண்டு மார்பகத்துக்குள் நுழைகின்றன. அவற்றை முன்கூட்டியே பார்த்துப் பிடிக்காமல் அறுத்துவிட்டால், அறுந்த முனை தசைக்குள் சுருங்கி மறைந்துவிடும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் காஸ் துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நனையும். அனுபவமுள்ள அறுவை மருத்துவர் அந்த இடத்தை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்து, குழாயைத் தனியே பிரித்து, அடைத்த பிறகே அறுப்பார். கையில் எந்தக் கருவி இருந்தாலும் ரத்த இழப்பைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த நிதானம்தான்.

மின்சாரம் அறுவைக்குள் வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தசைகளைத் துடிக்கவைக்காமலே உடல் வழியாகப் பாயும் என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் தார்சன்வால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார். அதை அறுவை அரங்குக்கு ஏற்ற கருவியாக்கியவர் அமெரிக்காவின் வில்லியம் போவி. 1926 அக்டோபரில் பாஸ்டன் நகரில், மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்தக் கருவியை முதன்முதலில் ஒரு நோயாளியிடம் பயன்படுத்தினார். இன்றைய காட்டரியும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. பென்சில் போன்ற முனையில் மின்னோட்டம் குவிந்து திசுவைச் சூடாக்குகிறது. பிறகு உடல் வழியாகப் பரவி, தொடையில் ஒட்டியிருக்கும் பிளேட் வழியே இயந்திரத்துக்குத் திரும்புகிறது. மின்னோட்டம் இடைவிடாமல் வந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் சட்டென ஆவியாகித் திசு பிளக்கும். விட்டுவிட்டு, அதிக மின்னழுத்தத்தில் வந்தால் திசு உலர்ந்து கருகி ரத்தம் நிற்கும். ஒரே பென்சிலில் இரண்டு பொத்தான்கள். எதை, எவ்வளவு வாட் அளவில், எத்தனை நொடி அழுத்துவது என்பதில்தான் திறமை இருக்கிறது.

கத்தியோடு ஒப்பிட்டால், காட்டரி ரத்த இழப்பைக் குறைக்கிறது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. ஆனால், ரத்தம் குறைவதும் நோயாளிக்கு நல்லது நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மார்பகம் அகற்றப்படும் பெண்களைக் கத்தி, காட்டரி என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1998இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’ இதழில் வெளியானது. காட்டரி பிரிவில் ரத்த இழப்பு குறைந்தது. அதே பிரிவில் சீரோமா அதிகமானது. அறுத்த இடத்தில் தோல் மடலுக்கு அடியில் நீர் தேங்குவதைத்தான் சீரோமா என்கிறார்கள். வெப்பம் கொழுப்பைச் சிதைத்து, நிணநீர் நாளங்களைச் சரியாக மூடாமல் விடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத தொந்தரவு என்று பாடப்புத்தகம் இதைச் சுலபமாகக் கடந்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு அது வேறு. நீரை வெளியே வடிக்கும் ட்ரெயின் குழாயையும் பாட்டிலையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நடமாட வேண்டும். குழாயை எடுத்த பிறகும் நீர் சேர்ந்தால், ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வர வேண்டும். தேங்கிய நீரில் தொற்று ஏற்பட்டால் கீமோதெரபி தள்ளிப்போகும். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அத்தனையும் கூலி இல்லாத நாட்கள்.

காட்டரியின் இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் அடுத்த தலைமுறைக் கருவிகள் வந்தன. ஹார்மோனிக்கின் முனை நொடிக்கு 55,500 முறை அதிர்கிறது. அந்த உராய்வில் புரதம் பிசின்போல் ஆகி, குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. உடல் வழியாக மின்சாரம் பாய்வதில்லை. வெப்பமும் பொதுவாகக் காட்டரியைவிடக் குறைவு. லிகாஷூர் போன்ற கருவிகள் ரத்தக்குழாயை இரண்டு தாடைகளுக்கு இடையே அழுத்திப் பிடித்து, அவற்றுக்கிடையே மட்டும் மின்சாரம் செலுத்தி, 7 மில்லிமீட்டர் விட்டம் வரையுள்ள குழாய்களை ஒட்டிவிடுகின்றன. தத்துவம் அருமையானது. பலன் என்ன என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 6 ஆய்வுகளில் இருந்த 287 அறுவைகளைச் சேர்த்துப் பார்த்தது. ரத்த இழப்பு, வடியும் நீரின் அளவு, சீரோமா எதிலும் ஹார்மோனிக்குக்கும் காட்டரிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. மூன்றே ஆண்டுகளில், 2015இல், 11 ஆய்வுகளின் 702 நோயாளிகளைச் சேர்த்த இன்னொரு தொகுப்பாய்வு இவை அனைத்திலும் ஹார்மோனிக்கே மேல் என்றது. அதன் பிறகு வந்து ஹார்மோனிக்கை வலுவாக ஆதரித்த ஆய்வுகளில், கருவித் தயாரிப்பு நிறுவனத்தின் பணியாளர்களே ஆசிரியர்களாக இருந்தவையும் உண்டு.

இந்த முரண்பாட்டை இரண்டில் ஒன்று பொய் என்று புரிந்துகொள்ளத் தேவையில்லை. மூல ஆய்வுகள் பலவும் சில டஜன் நோயாளிகளோடு, ஒரே மருத்துவமனையில், ஒன்றிரண்டு மருத்துவர்களின் கையால் நடந்தவை. மருந்து ஆய்வில் எது நிஜ மருந்து, எது வெற்று மாத்திரை என்பதை மருத்துவரிடமிருந்து மறைக்கலாம். கையில் பிடித்திருக்கும் கருவியை யாரும் மறைக்க முடியாது. புதிய கருவி மீது ஆர்வமுள்ளவர் கூடுதல் கவனத்தோடு அறுவை செய்தால், குறைந்த ரத்தத்துக்குக் காரணம் கருவியா, கவனமா என்று பிரித்துச் சொல்வது கடினம். அளவீட்டிலும் சிக்கல் இருக்கிறது. ரத்த இழப்பு என்பது பெரும்பாலும் நனைந்த காஸ் துணிகளை எடைபோட்டும், உறிஞ்சு பாட்டிலைப் பார்த்தும் போடும் கணக்கு. சீரோமாவுக்கோ எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை இல்லை. சிலர் தொட்டுப் பார்த்து உணரும் தேக்கத்தையெல்லாம் எண்ணுகிறார்கள், சிலர் ஊசியால் எடுக்க வேண்டிய அளவுக்குச் சேர்ந்ததை மட்டும் எண்ணுகிறார்கள். வெவ்வேறு அளவுகோல்களால் அளந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் விடையின் மீது, கோடிக்கணக்கான ரூபாய்க் கொள்முதலைக் கட்டக் கூடாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இந்திய அளவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு மில்லிலிட்டரும் முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால், கவனமாகக் காட்டரி பயன்படுத்தும் மார்பக அறுவையில் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை அரிதாகவே வருகிறது. கருவியை மாற்றுவதால் மிச்சமாகும் ரத்தம் பெரும்பாலான நோயாளிகளின் சிகிச்சைப் போக்கை மாற்றிவிடுவதில்லை. ரத்தசோகைக்கு மருந்து அறுவை அரங்குக்கு வெளியே இருக்கிறது. நோய் உறுதியான நாளிலேயே ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் அறுவைக்கு முன்பே இரும்புச்சத்து ஏற்றுவது எந்தக் கருவியையும்விட மலிவு. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற பழைய, விலை குறைந்த மருந்தும் கையில் இருக்கிறது. மார்பக அறுவைக்குப் பிறகு வடியும் நீரின் அளவை அது குறைத்ததாக 1994லேயே ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2010இல் வெளியான, விபத்தில் காயமடைந்த 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில் அதே மருந்து மரணங்களைக் குறைத்தது. புற்றுநோயாளிகளுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால், யாருக்குத் தரலாம் என்று பார்த்துத்தான் தர வேண்டும். ஆயினும் விலை உயர்ந்த கருவிக்கு முன்பாகப் பரிசீலிக்க வேண்டிய வழி இது.

ட்ரெயின் குழாய் சீக்கிரம் வெளியே வந்தால் படுக்கை காலியாகும், அந்தச் சேமிப்பே கருவியின் விலையை ஈடுகட்டிவிடும் என்பது அடுத்த மறுப்பு. குழாய் நாட்களைக் குறைப்பதே நோக்கம் என்றால், அதற்கு ஊசியும் நூலும் இருக்கின்றன. உயர்த்திய தோல் மடலை அடியில் உள்ள தசையோடு ஆங்காங்கே தையல் போட்டு நிறுத்திவிட்டால், நீர் தேங்குவதற்கு வெற்றிடம் இருக்காது. நெதர்லாந்தில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளில், இந்தத் தையல் முறை ஊசியால் எடுக்க வேண்டிய சீரோமாவைக் குறைத்திருக்கிறது. சில நிமிடங்கள் கூடுதலாகும், செலவு மிகக் குறைவு. இது பிரச்சினையின் வேரிலேயே கைவைக்கிறது. எந்தக் கருவியால் அறுத்திருந்தாலும் காலியிடம் இருந்தால் நீர் அங்கே சேரத்தான் செய்யும். ஒரு முறை மட்டுமே பயன்படுத்தத் தயாரிக்கப்பட்ட, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கைப்பிடியோடு ஒப்பிட வேண்டியது வெறும் காட்டரியை அல்ல. காட்டரியோடு இந்தத் தையலையும் சேர்த்துத்தான். அப்படி ஒப்பிடும்போதும் ஹார்மோனிக் மேலானது என்று தெரிந்தால், அதை வாங்கச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்காது.

கடுமையான மறுப்பு வேறொன்று: தனியார் மருத்துவமனையில் வசதியானவர்களுக்குப் புதிய கருவி, அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்குப் பழையதா? இந்தக் கோபம் நியாயமானது, அதனால்தான் நேராகப் பதில் சொல்ல வேண்டும். நிரூபிக்கப்பட்ட பலனை ஏழைகளுக்கு மறுப்பது அநீதி. நிரூபிக்கப்படாத ஒன்றை எல்லோருக்கும் வாங்கித் தருவது சமத்துவமாகிவிடாது. பணம் அளவானது, ஒரு பெட்டியில் போட்டால் இன்னொரு பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். மேமோகிராம் எடுக்கத் தொழில்நுட்புநர் இல்லாத மருத்துவமனையிலும், நோயியல் அறிக்கைக்காக நோயாளி நாள்கணக்கில் காத்திருக்கும் இடத்திலும், அந்தப் பணத்தால் சாதிக்கக்கூடியது அதிகம். மேலும், ஒரு முறைப் பயன்பாட்டுக் கருவியைச் சிக்கனம் கருதித் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்து உபயோகிக்கும் நிலை வந்தால், தேய்ந்த தாடையால் குழாயைச் சரியாக ஒட்ட முடியாது. ஏழைக்கு அப்போது கிடைப்பது புதிய கருவியின் பெயர் மட்டுமே.

விலை உயர்ந்த கருவிகளுக்கு இடமே இல்லை என்பது என் வாதமல்ல. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை முழுமையாக அகற்றும்போது பெரிய சிரையும், தோள்பட்டையையும் முதுகுத் தசையையும் இயக்கும் நரம்புகளும் மிக அருகில் இருக்கின்றன. அங்கே வெப்பம் பரவாமல் அறுப்பதற்கு மதிப்பு உண்டு. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு, உடல் முழுவதும் மின்சாரம் பாயாத கருவியே பாதுகாப்பு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், பெரிய அளவில் திசு அகற்ற வேண்டியவர்களுக்கும் இவை உதவலாம். ஆனால், அவையும் குற்றமற்றவை அல்ல. ஹார்மோனிக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் அதன் முனையும் கடுமையாகச் சூடேறும். விரலை எடுத்த பிறகும் சில நொடிகள் சூடு இருக்கும், அப்போது பக்கத்துத் திசுவைத் தொட்டால் சுட்டுவிடும். எனவே, பெரிய மையங்களில் அளவான எண்ணிக்கையில் வைத்திருந்து, காரணம் எழுதிப் பயன்படுத்துவதே பொருத்தம்.

இதைவிட அவசரமானது, ஏற்கெனவே எல்லா அறுவை அரங்குகளிலும் இருக்கும் காட்டரியை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுத்தருவது. பிளேட் தோலோடு முழுமையாக ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் தீக்காயம் ஏற்படும். ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி உலர்வதற்கு முன் பொத்தானை அழுத்தினால் தீப்பிடிக்கும். கட்டியை மட்டும் அகற்றும் அறுவையில் தேவைக்கு மேல் சுட்டால், எடுத்த திசுவின் விளிம்பு கருகி, அங்கே புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று நோயியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும். அந்தச் சந்தேகம் இரண்டாவது அறுவையில்கூடப் போய் முடியலாம். பிறகு புகை. ஒரு கிராம் திசுவைக் காட்டரியால் எரித்தால் வரும் புகை, மரபணுவைச் சிதைக்கும் தன்மையில் வடிகட்டி இல்லாத 6 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 1981லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் காற்றைத்தான் நம் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் தினமும் சுவாசிக்கிறார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் புகையை உறிஞ்சி அகற்றும் கருவியை 2018இல் சட்டப்படி கட்டாயமாக்கியது. நம் அறுவை அரங்குகளுக்குப் புதிதாக ஏதாவது வாங்குவதென்றால், என் பட்டியலில் முதலில் இருப்பது அதுதான்.

கருவிகள் பற்றிய இந்த விவாதத்தில் பெரிய உண்மை ஒன்று மறைந்துவிடக் கூடாது. மார்பக அறுவையில் ரத்த இழப்பையும் சீரோமாவையும் மிக அதிகமாகக் குறைத்தது, அறுவையின் அளவே சுருங்கியதுதான். 1894இல் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் எழுதிவைத்த முறை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தது. பல பத்தாண்டுகள் உலகம் அதையே பின்பற்றியது. 1971இல் மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வு, அவ்வளவு வெட்டுவதால் ஆயுள் கூடவில்லை என்று நிரூபித்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பிழைப்பு விகிதம் குறையவில்லை என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. 2011இல் வெளியான 891 பெண்களின் ஆய்வு, ஒன்றிரண்டு முடிச்சுகளில் மட்டும் நோய் பரவியிருந்து கட்டி நீக்கமும் கதிர்வீச்சும் பெறுபவர்களுக்கு, அக்குளை முழுதாகச் சுத்தம் செய்யத் தேவையில்லை என்றது. இந்தச் சிறிய அறுவைகளுக்கு நிபந்தனை, நோயைச் சிறியதாக இருக்கும்போதே பிடிப்பது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மார்பக அறுவைகள் பெருமளவில் நடக்கின்றன. கவனமான காட்டரியும் மடல் தையலும் ஒரு பக்கம், ஹார்மோனிக்கும் மடல் தையலும் மறுபக்கம் என்று வைத்து, பல கல்லூரிகள் சேர்ந்து ஒரே வரையறையோடு ஆய்வு நடத்தலாம். அதில் ரத்த அளவோடு, குழாய் இருந்த நாட்கள், ஊசி போட்டு நீர் எடுத்த தடவைகள், கீமோதெரபி தொடங்கிய நாள், வேலைக்குத் திரும்பிய நாள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். நம்மால் முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலைமையில், சுமார் 1,600 இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வு, அறுவைக்குச் சற்று முன்பு கட்டியைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்தைச் செலுத்தினால், ஐந்தாண்டுகள் உயிரோடு இருப்பவர்களின் விகிதம் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்வதாக 2023இல் அறிவித்தது. அந்த மருந்து லிடோகெயின். எந்தச் சிறு மருத்துவமனையிலும் இருக்கும், விலையும் மிகக் குறைவு. நல்ல கேள்வியைக் கேட்டதால் கிடைத்த விடை அது. அந்தத் துணிவோடு சுகாதாரத் துறை இந்தக் கேள்வியையும் கையில் எடுக்க வேண்டும்: முதலில் ஆய்வு, பிறகு கொள்முதல். அதுவரை ஒவ்வொரு அறுவை அரங்குக்கும் நல்ல காட்டரி, அதைக் கையாளப் பயிற்சி, புகை உறிஞ்சும் கருவி, அறுவைக்கு முன் ரத்தசோகைக்குச் சிகிச்சை ஆகிய நான்கையும் அரசு உறுதிசெய்யட்டும்.